ஐந்தரைக்கே வீட்டுக்குப் போனதாக எழுதப்பட்டவர்கள்

கேள்வி:

வணக்கம் சார். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஹெச்.ஆர். ஆக இருக்கிறேன். வயது 27. எங்களிடம் 150 பேர் வேலை செய்கிறார்கள். சீசனில் தினமும் இரவு 9 மணி வரை ஒன்றரை ஷிப்ட் ஓடும். அரை ஷிப்டுக்கு அரை நாள் கூலி. அதைச் சனிக்கிழமை தனிக் கவரில் ரொக்கமாகக் கொடுத்துவிடுவோம். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் நடத்தும் ஆடிட்டுக்குக் காட்டும் பதிவேட்டில் மட்டும் எல்லோரும் மாலை 5.30-க்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பதிவேட்டைத் தயாரிப்பது என் வேலை. ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று டைலர் அக்காக்களுக்கும் ஒடிசாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். போன வருடத் தீயணைப்புப் பயிற்சிப் போட்டோவையே இந்த வருடத் தேதி போட்டு ஃபைலில் வைத்திருக்கிறோம்.

ஜி.எம்.மிடம் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னேன். "திருப்பூர்ல எந்தக் கம்பெனில இது இல்ல அம்மிணி? நீ மட்டும் அரிச்சந்திரனா?" என்று சிரித்தார். அம்மா "ஊரோட ஒத்துப் போ சாமி" என்கிறார். அப்பா இல்லை. வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் போகிறது.

இப்போது தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு, எங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு வருட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேட்கிறான். முடியாது என்றேன். "கம்பெனிக்காகப் பண்றத எனக்காகப் பண்ண மாட்டியா அக்கா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஆடிட் வருகிறது. வேலையை விட்டுவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

வேலையை இப்போது விடாதீர்கள். நீங்கள் போனால் அந்த நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்காருவார். பதிவேடு அப்படியே ஓடும். வீட்டுக் கடன் தவணை மட்டும் நிற்கும். ராஜினாமா செய்தால் மனம் லேசாகும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு லேசாவதும் அந்த 150 பேருக்கு நல்லது நடப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

நான் ஆடிட்டராக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவேடு பார்த்தவன். பிறகு கம்பெனிகளுக்கு ஆலோசகனாக இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ஜி.எம். சொன்னதிலும் பாதி உண்மை. இதற்கென்றே சாஃப்ட்வேர் விற்கிறார்கள். பஞ்ச் நேரத்தை 5.28, 5.33, 5.36 என்று அதுவே கலைத்துப் போட்டு, நிஜம் போலவே ஒரு மாத வருகையை நிமிடத்தில் தந்துவிடும். அதை விற்பவர் விசிட்டிங் கார்டில் 'கம்ப்ளையன்ஸ் சொல்யூஷன்' என்று போட்டுக்கொள்கிறார். எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் உங்கள் பங்கு குறையாது, அவ்வளவுதான். அரிச்சந்திரன் பேச்சை விடுங்கள். சுடுகாடு வரை போக உங்களை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் எழுதும் அந்த 5.30-ஐ யார் படிக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். ஜெர்மனியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வரும் பையரின் ஆடிட்டர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தத் தொழிலாளியும் அதைப் பார்ப்பதில்லை, அவர்களுக்குக் கூலி சனிக்கிழமை கைக்கு வந்துவிடுகிறது, அப்படியானால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற நினைப்பு உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி தர வேண்டிய இரட்டைக் கூலி போகட்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது.

உங்கள் கம்பெனியில் இரவு 8.40-க்கு ஒரு ஓவர்லாக் டைலரின் விரலில் ஊசி ஏறுகிறது, அல்லது கட்டிங் டேபிளில் துணி வெட்டும் பேண்ட் நைஃப் ஒருவர் கையைப் பதம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்குத் தனிச் சலுகை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்றால் மாதா மாதம் வரும். உயிர் போனால் குடும்பத்துக்கு வரும். இதற்கெல்லாம் அடிப்படை, காயம் வேலை நேரத்தில், வேலையிடத்தில், வேலையின் காரணமாக ஏற்பட்டது என்பது. உங்கள் பதிவேடு என்ன சொல்கிறது? அந்த அம்மா 5.33-க்கே வெளியே போய்விட்டார் என்கிறது. அப்புறம் 8.40-க்கு அவர் கம்பெனிக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும் இ.எஸ்.ஐ. வேலை விபத்தாக ஏற்கும். 2010-இல் வந்த திருத்தம் அது. ஆனால் விபத்து நடந்த நேரத்துக்கும் இடத்துக்கும் சூழலுக்கும் வேலையோடு தொடர்பு இருக்கிறது என்று காட்ட வேண்டும். இரவு 9.15-க்குப் பல்லடம் ரோட்டில் ஒரு செக்கிங் பெண்ணை லாரி தட்டிவிட்டால், அவர் வேலை முடிந்து நேராக வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பதற்கு முக்கிய ஆதாரம் உங்கள் பஞ்ச் பதிவு. அதில் அவர் வீடு போய்ச் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. உடனே பழைய தேதியில் இன்னொரு பதிவேடு தயாராகும், அல்லது "ஆஸ்பத்திரிச் செலவு நாங்க பாத்துக்கறோம், இ.எஸ்.ஐ. எல்லாம் வேண்டாம்" என்று ஒரு கவர் அந்த வீட்டுக்குப் போகும். இரண்டில் எது நடந்தாலும் அதைச் செய்யப்போவது நீங்கள்தான். கவர் ஒருமுறை வரும். ஊனத்துக்கான உதவித்தொகை ஆயுளுக்கும் வரும்.

ஆக, அந்தப் பதிவேட்டை யாரும் படிக்காமல் இருக்கும் வரைதான் அது யாருக்கும் தீங்கில்லாதது. ஒரு காகிதம் சரியா தப்பா என்று குழம்பும்போது நான் கேட்டுப் பார்ப்பது இதுதான்: இதை நம்பப் போவது யார், நம்பினால் யார் கையிலிருந்து என்ன போகும், அப்படிப் போகும் என்பது அந்த ஆளுக்குத் தெரியுமா. பாவ புண்ணியத்துக்குள் போக வேண்டாம். உங்கள் டைலர் அக்காவுக்கு அது தெரியாது. அரை ஷிப்டுக்கு ரொக்கம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தவர், விபத்து நடந்தால் தான் அங்கே இல்லாதவராக ஆகிவிடுவோம் என்பதற்கும் சம்மதித்தாரா?

இதே கேள்வியை உங்கள் மேசையில் இருக்கும் மற்ற விஷயங்களிடமும் கேட்டால், எல்லாம் ஒரே எடை இல்லை என்பது தெரியும். ஆடிட்டுக்கு முதல் நாள் கக்கூஸ் கழுவி, முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சும் மருந்தும் வைக்கிறீர்களே, அதை நினைத்தெல்லாம் மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விருந்தாளி வரும்போது வீடு கூட்டுவது பொய் ஆகாது. அன்றைக்காவது அது சுத்தமாக இருக்கிறதே.

நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட மோசமாகப் படுகிறது. தீயணைப்புப் பயிற்சி.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் பால்தியா பகுதியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. உங்களைப் போலவே ஏற்றுமதிக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள். அந்தத் தொழிற்சாலைக்கு அதற்கு முந்தைய மாதம்தான், ஆகஸ்டில், எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. தொழிலாளர் நலன், பாதுகாப்பு எல்லாம் உலகத் தரத்தில் இருக்கிறது என்று சொல்லும் சான்றிதழ் அது. பணம் பறிக்கும் கும்பல்தான் தீ வைத்தது என்று பின்னாளில் வழக்கு நடந்து, 2020-இல் பாகிஸ்தான் நீதிமன்றம் இரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தீ வைத்தவர்கள் அவர்களாகவே இருக்கட்டும். உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் அந்தக் கட்டடத்தில் இருந்தது. அந்தக் காரணத்தைப் பார்க்க வேண்டிய காகிதங்கள் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லின.

உங்கள் பனியன் கம்பெனியில் என்ன எரியும் என்பது உங்களுக்கே தெரியும். கட்டிங் வேஸ்ட், பாலித்தீன் கவர், அட்டைப் பெட்டி, பஞ்சுத் தூசி. ஷிப்மென்ட் நெருக்கத்தில் பேக்கிங் செக்ஷனில் அட்டைப் பெட்டிகள் வாசல் வரை அடுக்கிக் கிடக்கும். வந்து மூன்று மாதமே ஆன ஒடிசாப் பிள்ளைக்கு இரண்டாவது வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? போன வருட போட்டோவில் அவன் இல்லை. இந்த வருடத் தேதி போட்ட அதே போட்டோவிலும் இல்லை.

இதில் நல்ல செய்தி, இதைச் சரிசெய்ய உங்களுக்கு யார் அனுமதியும் தேவைப்படாது என்பதுதான். உண்மையான பயிற்சிக்கு இருபது நிமிடம் போதும். சனிக்கிழமை சம்பளத்துக்கு எல்லோரும் இருப்பார்கள், அன்றைக்கு வையுங்கள். பெல் அடித்து, மெயின் ஸ்விட்ச் நிறுத்தி, எல்லோரும் கீழே வந்து தலை எண்ணுங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எந்த வழியில் பெட்டி கிடந்தது, இந்தி தெரியாத சூப்பர்வைசர் கத்தியது யாருக்குப் புரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பழைய போட்டோவை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை, உண்மையான தேதியோடு வையுங்கள். உற்பத்தி இருபது நிமிடம் போனதற்காக ஜி.எம். முகம் சுளித்தால் "ஆடிட்டுக்குத்தான் சார்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

அடுத்தது, சொல்லிக் கொடுப்பது. இதை நிறுத்துங்கள். பதிவேட்டைக்கூட மேலிடம் சொல்லி, கம்ப்யூட்டர் போட்டது என்று நினைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இதில் அது இல்லை. உங்களை அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண்ணிடம், அவள் உழைத்த மூன்றரை மணி நேரத்தை அவள் வாயாலேயே இல்லை என்று சொல்ல வைக்கிறீர்கள். நாளைக்கு அதே மூன்றரை மணி நேரத்தை அவள் நியாயமாகக் கேட்க வந்தால், "நீதானே ஆடிட்டரிடம் அப்படிச் சொன்னாய்" என்று திருப்பிக் கேட்க முடியும். ஒருவரை அவருக்கு எதிரான சாட்சியாகத் தயார் செய்வது இது. உங்கள் மனம் சரியாக இங்கேதான் உறுத்துகிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இனி அவர்களிடம், "வெளியாள் வருவார், கேள்வி கேட்பார், உங்களுக்குச் சொல்லத் தோன்றியதைச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். சூப்பர்வைசர் யாராவது அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால், அதை ஜி.எம்.மிடம் ஆட்சேபமாகப் பதிவு செய்யுங்கள்.

பதிவேட்டுக்கு வருகிறேன். இது உங்களால் தனியாகத் தீர்க்க முடியாதது. முதலாளியையும் அவ்வளவு எளிதாக வில்லனாக்கிவிட முடியாது. அவர் நிலையைக் கொஞ்சம் யோசியுங்கள். பையர் சாம்பிளை மூன்று முறை திருப்பி அனுப்புவார், கலர் அப்ரூவல் தர இரண்டு வாரம் இழுப்பார், ஆனால் ஷிப்மென்ட் தேதியை ஒரு நாள் தள்ளமாட்டார். தேதி தவறினால் சொந்தச் செலவில் ஏர் அடிக்க வேண்டும், அதாவது கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்த ஆர்டரின் லாபம் விமானத்திலேயே போய்விடும். விலையைப் பேசும்போது பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லும் அதே கம்பெனிதான், வேறொரு இலாகா மூலம், ஓவர்டைம் ஏன் என்று கேட்கவும் ஆள் அனுப்புகிறது. நேரமும் கொடுக்காமல், விலையும் கொடுக்காமல், சுத்தமான காகிதம் மட்டும் கேட்பவருக்கும் இந்தப் பொய்யில் பங்கு உண்டு. இதை நான் பையர்களின் கூட்டங்களிலேயே சொல்லியிருக்கிறேன். கைதட்டுவார்கள். விலை மாறாது.

ஆனாலும் முதலாளியிடம் பேச உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அறம் பேசினால் அவர் ஜி.எம். மாதிரியே சிரிக்கலாம். கணக்குப் பேசுங்கள்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் டைலருக்கு ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வையுங்கள். எட்டு மணி நேரம், மணிக்கு 60. மாலை 5.30-லிருந்து 9 வரை மூன்றரை மணி நேரத்துக்கு இப்போது அரை ஷிப்ட் கணக்கில் 240 கொடுக்கிறீர்கள். இரட்டிப்பாகக் கொடுத்தால் மணிக்கு 120, மொத்தம் 420. வித்தியாசம் 180. 150 பேருக்கு ஒரு இரவுக்கு 27,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை. அதை மறைக்காமல் அவர் முன்னால் வையுங்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இரட்டைக் கூலிதான், 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இரட்டைக் கூலிதான். பழைய சட்டம் காலாண்டுக்கு 50 மணி நேரம் என்று ஓவர்டைமுக்கு வரம்பும் வைத்திருந்தது. தினம் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் அது மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் பணம் மட்டுமல்ல, நேரத்தையும் மறைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், மாட்டினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். எத்தனை நல்ல சாஃப்ட்வேர் போட்டாலும் மாட்டுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்கிறேன், அவரிடமும் சொல்லுங்கள். விவரமான ஆடிட்டர் வருகைப் பதிவேட்டோடு நிற்கமாட்டார். உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்பார். ஊசி உடைந்தால் துண்டெல்லாம் பொறுக்கி ஒட்டி, நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குவது குழந்தைத் துணி தைக்கும் எல்லாக் கம்பெனியிலும் நடப்பது. அதில் இரவு 8.10 என்று ஒரு வரி இருந்தால் போதும். ஜெனரேட்டர் ஓடிய நேரம், செக்கிங் ரிப்போர்ட், கேட் பாஸ், ஐந்தரைக்குப் பிறகு கிளம்பிய வேன் டிரிப் ஷீட் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு கை எழுதியது. எல்லாக் கையையும் ஒரே பொய் சொல்ல வைக்க முடியாது.

மாட்டியபின் நடப்பதுதான் முக்கியம். ஓவர்டைம் அதிகம் என்று உண்மையாகக் காட்டும் கம்பெனிக்குப் பெரும்பாலான பையர்கள் திருத்தத் திட்டம் கேட்டு அவகாசம் தருவார்கள். இரண்டு பதிவேடு வைத்திருந்தது தெரிந்தால், பல பையர்களிடம் அது மிகக் கடுமையான குற்றச்சாட்டாகப் பதிவாகும், ஆர்டரே போகலாம். பையர்கள் கேட்கும் தொழிலாளர் நல ஆடிட் முறைகளில் பி.எஸ்.சி.ஐ. ஆனாலும் செடெக்ஸ் ஆனாலும் ஆடிட்டர்களுக்கு நிறைய ஓவர்டைம் பழக்கப்பட்டதுதான். பொய்ப் பதிவேடு கண்டால் மீதி எந்தக் காகிதத்தையும் நம்பமாட்டார்கள்.

ஆகவே ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, ஜி.எம்.மைத் தாண்டாமல், அவர் மூலமாகவே எம்.டி.யிடம் கொடுங்கள். ஒரேயடியாக நாளையிலிருந்து எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், நடக்காது. செக்கிங், பேக்கிங் மாதிரி ஆள் குறைந்த ஒரு செக்ஷனில் அடுத்த மாதத்திலிருந்து உண்மையான நேரத்தைக் காட்டி, அதற்குரிய கூலியைக் கணக்கிலேயே கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதுங்கள். ஆறு மாதத்தில் அடுத்த லைன். ஆடிட்டரிடம் அதைத் திட்டமாகவே காட்டலாம். வெறும் ஆட்சேபத்தோடு வரும் ஹெச்.ஆர். எந்த முதலாளிக்கும் தலைவலிதான். வழியோடு வந்தால் ஒருமுறையாவது காது கொடுப்பார். குறிப்பின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். யார் எப்போது என்ன செய்யச் சொன்னார்கள் என்று ஒரு டைரியில் தேதியோடு எழுதிவையுங்கள். ஆனால் தொழிலாளர்களின் ஆதார் நகல், சம்பளப் பட்டியல் போன்றவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது ஆதாரமாவதற்கு முன் உங்கள் மேல் குற்றச்சாட்டாகிவிடும்.

ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். வெளியே புகார் செய்தால் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள். ஊழலை வெளியே சொல்பவர்களைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அரசுத் துறையினர் மீதான புகார்களுக்கானது. தனியார் கம்பெனி ஹெச்.ஆருக்கு அதில் இடமில்லை. அதனால்தான் முதலில் உள்ளே பேசுங்கள் என்கிறேன். இதற்கு விதிவிலக்கு இரண்டு உண்டு. வேலை நேரத்தில் அவசர வாசலைப் பூட்டுகிறார்கள் என்றால், அல்லது ஆதாரில் வயதை மாற்றிச் சின்னப் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்றால், குறிப்பு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். பிள்ளைகள் விஷயத்துக்கு 1098. வாசல் விஷயத்துக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. பையரின் புகார் எண் உங்கள் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருக்கும். அங்கே வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொல்வேன். அதற்குக் குறைவான எதற்கும் அப்படிச் சொல்லமாட்டேன்.

எம்.டி. முடியாது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பதிவேட்டில் கையெழுத்து நீங்கள் போட வேண்டாம். உத்தரவு கொடுப்பவரே போடட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பல நேரம் யார் கையெழுத்து என்று வரும்போதுதான் மேலிடமே யோசிக்க ஆரம்பிக்கும். அதுவும் நடக்கவில்லை என்றால், உங்களுக்கு நீங்களே ஒரு தேதி வைத்துக்கொண்டு, இந்தச் சம்பளத்தில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுங்கள். திருப்பூரில் உண்மையான நேரத்தைக் காட்டும் கம்பெனிகள் இல்லவே இல்லை என்பது ஜி.எம்.மின் வசதிக்கான கதை. நான் பார்த்திருக்கிறேன். குறைவுதான், ஆனால் இருக்கின்றன, அவர்களுக்கு நல்ல ஹெச்.ஆர். கிடைப்பதும் அரிது.

அம்மாவிடம் இதையெல்லாம் வாதம் செய்யாதீர்கள். அப்பா இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவருக்கு, வரும் சம்பளம் நிற்கக் கூடாது என்பதுதான் அறம். அதில் தப்பில்லை. தவணை நிற்காது என்று அவரிடம் சொல்லுங்கள், போதும்.

இனி தம்பி. அவன் கேட்ட கேள்வி நியாயமானது. நீங்கள் திணறியதும் சரியே. கம்பெனிக்கு 150 பேரின் நேரத்தைப் பொய்யாக எழுதும் கை, ஒரு பையனின் ஒரு வருடத்தைப் பொய்யாக எழுத ஏன் தயங்க வேண்டும் என்கிறான். அதற்குப் பதில், இதைச் செய்யக் கூடாது, அதையும் செய்யக் கூடாது என்பதுதான். அதைவிடச் சாமர்த்தியமான பதில் எதுவும் என்னிடம் இல்லை. "அதை நிறுத்தத்தான் முயற்சி பண்ணிட்டு இருக்கேன்" என்று அவனிடம் சொல்ல முடிந்தால், மறுப்பதற்கு உங்களுக்கு வாய் இருக்கும். குறிப்பை எம்.டி.யிடம் கொடுத்தபின் அவனிடம் பேசுங்கள்.

அந்தச் சான்றிதழிடமும் மேலே சொன்ன கேள்வியையே கேளுங்கள். அதை நம்பப் போவது அடுத்த கம்பெனிக்காரர். அதனால் வேலை இழப்பது, அனுபவம் இல்லை என்று உள்ளதைச் சொல்லி அதே வரிசையில் நின்ற வேறு ஒரு அக்காவின் தம்பி. உங்கள் பேர் அச்சடித்த காகிதம் அவனுக்கு எதிராக வேலை செய்திருக்கும். அது அவனுக்குத் தெரியவே தெரியாது. நடைமுறையிலும் அது உதவாது. ஒரு வருடம் வேலை பார்த்தேன் என்பவனிடம் கொஞ்சம் பெரிய கம்பெனி எதுவும் பி.எஃப். கணக்கு எண்ணைக் கேட்கும். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதில் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால், வேலை போவதோடு உங்கள் கையெழுத்தும் அங்கே நிற்கும்.

அவனுக்கு வேண்டியது அனுபவம் என்றால் அதையே கொடுங்கள். மெயின்டனன்ஸிலோ ஸ்டோரிலோ ஆறு மாதம் டிரெய்னியாக எடுக்க முடியுமா என்று ஜி.எம்.மிடம் கேளுங்கள். சொந்தத் தம்பி என்பதை மறைக்காமல் கேளுங்கள். எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டாம். ஆறு மாதச் சான்றிதழ் ஒரு வருடச் சான்றிதழைவிடச் சின்னதுதான். ஆனால் யார் போன் செய்து விசாரித்தாலும் நிற்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. அடுத்த மாதம் ஆடிட்டர் உங்களையே நேராக உட்கார வைத்து, "இதுதான் உண்மையான பதிவேடா?" என்று கேட்டால்? பொய் சொல்லவும் வேண்டாம், அந்த இடத்தில் எம்.டி.யைக் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம். "பதிவேடு பற்றிய கேள்விகளுக்கு மேனேஜ்மென்ட் பதில் சொல்வார்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அப்படித்தான் சொல்லப்போகிறீர்கள் என்பதை ஜி.எம்.மிடம் ஆடிட்டுக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள். அன்றைக்குத் திடீரென்று கேட்டால் அவர் அதைத் துரோகமாக எடுத்துக்கொள்வார். இரண்டு வாரம் முன்பே சொன்னால், ஒருவேளை அந்த எம்.டி. சந்திப்பு அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே கிடைத்துவிடும்.

தம்பி டிரெய்னியாக வந்து சேர்ந்தால், முதல் நாளே பி.எஃப்., இ.எஸ்.ஐ. போடுங்கள். இரவு 9 மணிக்குப் போனால் 9 மணி என்றே எழுதுங்கள்.